51 வயதில் மீண்டும் சைக்கிள்: முதலில் அளவு, பிறகுதான் கியர்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்திலிருந்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 51, உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். வலது முழங்காலில் 'லேசான தேய்மானம்' என்று எக்ஸ்ரே பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் ஹெர்குலிஸ் சைக்கிளில் ராமநாதபுரம் வரை போய்வந்தவர், கடந்த 25 ஆண்டுகளாகச் சைக்கிளைத் தொடவில்லை. சீட்டு எடுத்த பணத்தில் 45,000 ரூபாயை மவுண்டன் பைக் வாங்க ஒதுக்கியிருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகன், 4 அங்குலத் தடித்த டயரும், முன்னும் பின்னும் ஷாக்கரும், 21 கியரும் கொண்ட ஒரு வண்டியை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறார். அக்கா மகனோ தன்னுடைய 19 அங்குல ஃபிரேம் வண்டியை 15,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பையனின் கியர் சைக்கிளைப் பள்ளி மைதானத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்ததில் முழங்காலின் முன்புறம் வலித்ததால், இந்த மூட்டுக்கு இனிச் சைக்கிள் ஆகாதோ என்ற ஐயம் அவருக்கு வந்துவிட்டது. மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. ராமநாதபுரத்து நண்பர்கள் அடுத்த மாதம் தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனைக்குச் சைக்கிளில் போகிறார்கள். அதற்குள் தயாராகிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அன்புள்ள ஆசிரியருக்கு,

முழங்காலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. மைதானத்தில் ஓட்டியபோது இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டை நன்றாக இறக்கி வைத்துக்கொண்டதாகவும், கியர் மாற்றத் தெரியாததால் இருந்த கியரிலேயே ஓட்டியதாகவும், மிதிக்கக் கொஞ்சம் கனமாகவே இருந்ததாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலிக்கான காரணம் பெரும்பாலும் அந்த வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. சீட் தாழ்ந்திருந்தால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது; அப்படி மடங்கிய காலால் கனமான கியரை அழுத்தும்போது முழங்கால் சில்லு தொடை எலும்பின் மீது பலமாக அழுந்தி, நீங்கள் சொல்லும் அதே முன்புறத்தில் வலிக்கிறது. சீட் வேண்டியதற்கு மேல் உயர்ந்திருந்தால் வலி முழங்காலின் பின்புறத்தில் வரும், இடுப்பும் இருபுறமும் ஆடும்.

தேய்மானம் என்று கேட்டதும், பயன்படுத்தப் பயன்படுத்த மூட்டு இன்னும் தேயும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போது உள்ளே இருக்கும் திரவத்தின் வழியாகத்தான் அதற்குச் சத்துப் போய்ச் சேருகிறது. உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்ள, குதிகால் தரையில் மோதாமல் மூட்டு சுழல்வதால், லேசான தேய்மானம் உள்ளவர்களுக்கு மருத்துவர்களான நாங்களே பரிந்துரைக்கும் பயிற்சிகளில் சைக்கிளும் ஒன்று. தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின் சுமை குறையும். மூட்டு வீங்கினாலோ, நடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது வேறு கதை. அப்போது சைக்கிளை நிறுத்திவிட்டு நேரில் காட்ட வேண்டும்.

வண்டிக்கு முன்னால் உடம்பு

உங்கள் கடிதத்தில் வண்டியைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. கண் பரிசோதனையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு ஆண்டுச் சர்க்கரைக்குப் பிறகு விழித்திரையைப் பார்க்காமல் கரடுமுரடான பாதையில் குலுங்கிக்கொண்டு ஓட்டுவது சரியல்ல. விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும் முற்றிய நிலையில், குலுக்கலும் மூச்சை அடக்கிக் கொடுக்கும் அழுத்தமும் கண்ணுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். ஆகவே கண் மருத்துவரைப் பார்ப்பது முதல் வேலை. கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை, இசிஜி, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றையும் உங்கள் மருத்துவரிடம் முடித்துக்கொள்ளுங்கள். டிரெட்மில் சோதனை எல்லோருக்கும் கட்டாயமில்லை. மாடி ஏறும்போது மார்பு அடைப்பதோ, வழக்கத்தை மீறி மூச்சு வாங்குவதோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். ஓய்வாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் 180/110ஐத் தாண்டியிருக்கும் நாளில் சைக்கிளைத் தொட வேண்டாம்.

மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது அரிது. ஆனால் கிளிமிபிரைடு உடற்பயிற்சியோடு சேரும்போது தாழ்த்திவிடக்கூடியது. கை நடுக்கம், படபடப்பு, வியர்வை ஆகியவை அதன் அறிகுறிகள். நம் கடற்கரையில், காற்றில் ஈரம் நிறைந்த ஒரு காலை நேரத்தில், சைக்கிள் மிதிப்பவருக்கு வியர்ப்பதைப் பார்த்து யாரும் ஐயப்பட மாட்டார்கள், அவரும் பட மாட்டார். எனவே வியர்வையோடு நடுக்கமோ குழப்பமோ சேர்ந்தால் உடனே வண்டியை நிறுத்தி, 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் உட்கார்ந்து, மீண்டும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். புறப்படும் முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்புங்கள். அதிக தூரம் ஓட்டிய நாளின் இரவிலும் சர்க்கரை தாழக்கூடும். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமானால் மருத்துவர் மாற்றட்டும். நீங்களாக ஒரு வேளையை நிறுத்திவிட்டுச் சைக்கிள் ஏறாதீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் நாடித்துடிப்பு எளிதில் ஏறாது, அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே போதுமான அளவுகோல். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

சர்க்கரைக்குக் கருப்பட்டியும் பதநீரும் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை நம் மாவட்டத்தில் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு இருக்கிறது. பனையிலிருந்து வந்தாலும் அதில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ்தான். பருவத்தில் வழியில் ஒரு பட்டை பதநீரை முழுதாகக் குடித்தால், அந்தக் காலையில் மிதித்த மிதி எல்லாம் வரவும் செலவும் சரியாகிவிடும். சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் வேண்டுமானால் அது மருந்து. மற்ற நேரத்துக்கு மோரோ வெறும் தண்ணீரோ போதும். ரத்த அழுத்தம் உள்ளவர் மோரில் உப்பை அள்ளிப் போட வேண்டாம்.

அளவுதான் முதல் கேள்வி

நீங்கள் என்னிடம் கேட்ட ஒன்பது கேள்விகளில் ஒன்றுகூட ஃபிரேம் அளவைப் பற்றியது இல்லை. இதில் வியப்பில்லை. வீட்டில் இருந்த ஒரே சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற தலைமுறை நம்முடையது. பெரியவர்களின் வண்டிக்கு ஏற்ப உடம்பை வளைத்துக்கொள்வதுதான் சைக்கிள் ஓட்டுவது என்று உள்ளே பதிந்துவிட்டது. 12 வயதில் அந்த வளைவை உடம்பு பொறுத்துக்கொண்டது. 51இல், தேய்ந்த முழங்காலோடும் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திய முதுகோடும், அது பொறுக்காது. கியர், ஷாக்கர், டயர் எல்லாவற்றையும் பின்னால் மாற்றலாம், மேம்படுத்தலாம். ஃபிரேமை மாற்ற முடியாது.

இந்தக் காரணத்தால்தான் அக்கா மகனின் வண்டியை வேண்டாம் என்கிறேன். 19 அங்குல ஃபிரேம் பொதுவாக 175 செ.மீ.க்கு மேற்பட்ட உயரத்தினருக்கானது. சீட்டை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வது பாதிதான் உண்மை: சீட்டின் உயரம் சரியாகும், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள தூரம் குறையாது. அந்த நீட்டலுக்கு நீங்கள் தோள்பட்டையையும் கழுத்தையும் மணிக்கட்டையும் விலையாகக் கொடுப்பீர்கள்; உள்ளங்கையில் எடை விழுந்து, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். உங்கள் உயரத்துக்கு நிறுவனத்தைப் பொறுத்து 15 முதல் 17 அங்குலம் வரை, அல்லது எஸ், எம் என்று குறிக்கப்பட்ட அளவுகள் பொருந்தும். அட்டவணையை மட்டும் நம்பாமல், வண்டியின் மேல் பாருக்கு இருபுறமும் காலை வைத்து நின்று பாருங்கள். பாருக்கும் கவட்டைக்கும் இடையே 5 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருக்க வேண்டும். மணலில் திடீரென இறங்க நேரும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

சீட்டின் உயரத்தை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைச் சீட்டில் உட்கார்வது போன்ற அழுத்தத்தோடு கவட்டையில் மேல்நோக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரையுள்ள உயரத்தை 0.883 ஆல் பெருக்குங்கள். பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் அது. கோட்டின் உயரம் 75 செ.மீ. என்று வந்தால் சீட் ஏறக்குறைய 66 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும், முன்பாதத்துக்கு மாற்றினால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும்.

இந்த உயரத்தில் இரண்டு பாதங்களும் தரையில் பதியா. அதுதான் உங்களை அச்சுறுத்தும், அதனால்தான் மைதானத்திலும் சீட்டை இறக்கினீர்கள். நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்தே நிற்க வேண்டும் என்பது பழைய பழக்கம். சீட்டை விட்டு முன்னால் நழுவி, பாருக்கு மேல் இறங்கி ஒரு காலை ஊன்றி நிற்பதே சரியான முறை. கிளம்பும்போது ஒரு பெடலை முன்புறம் மேலே வைத்து, அதை மிதித்தபடியே எழுந்து சீட்டில் அமர வேண்டும். முதல் வாரம் சீட்டைக் கணக்குக்கு 2 செ.மீ. குறைவாக வைத்து மைதானத்தில் இதையே பழகுங்கள், பிறகு சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மாணவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மாலையில் அவர்கள் போன பிறகு பழகிக்கொள்ளலாம்.

மெத்தென்ற ஜெல் சீட் வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இரண்டு உட்கார் எலும்புகள். சீட் அதிகம் அமுங்கினால் அந்த எலும்புகள் உள்ளே புதைந்து, நடுவிலுள்ள நரம்புகளிலும் ரத்தக் குழாய்களிலும் அழுத்தம் விழுந்து மரத்துப்போகும். உட்கார் எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்தும், ஓரளவு கெட்டியான, மட்டமாக வைக்கப்பட்ட சீட்தான் நீண்ட நேரத்துக்கு இதமானது. முதல் இரண்டு வாரம் வலிக்கும். மரத்துப்போதல் மட்டும் இருக்கக்கூடாது.

மகன் காட்டிய வண்டி

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். 1970களில் கலிஃபோர்னியாவின் மலைச்சரிவுகளில் உருவான வண்டிதான் அது; ஆனாலும் கண்மாய்க் கரை, தோப்புகளுக்கு இடையிலான மணல் தடம், ஓரம் உடைந்த கிராமச் சாலை, அறிவிப்பில்லாத வேகத்தடை ஆகியவற்றுக்கு அகன்ற டயரும் நிமிர்ந்து அமரும் நிலையும் பொருத்தமானவையே. ஆகவே வகையில் தவறில்லை, வகைக்குள் எதை எடுப்பது என்பதில்தான் மகனோடு நான் வேறுபடுகிறேன்.

4 அங்குல டயர் தளர்ந்த மணலுக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் நீங்கள் ஓட்டப்போகும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை; அங்கே அந்த டயர் ஒவ்வொரு மிதியிலும் உங்களைப் பின்னால் இழுக்கும். இந்த விலையில் வரும் அத்தகைய வண்டிகள் பெரும்பாலும் 17 கிலோவுக்குக் குறைவதில்லை. கடற்கரை மணலிலேயே ஓட்டலாமே என்று மகன் சொன்னால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். பின் ஷாக்கரைப் பொறுத்தவரை, முதுகைக் காப்பாற்றும் என்பது நல்ல விலையுள்ள வண்டிகளுக்கே பொருந்தும். குறைந்த விலையில் கிடைப்பது வெறும் சுருள் கம்பி. மிதிக்கும் ஆற்றலில் ஒரு பகுதி அதை அமுக்கி எழுப்புவதிலேயே போய்விடும், அதன் மூட்டுகளில் உப்பும் மணலும் புகுந்தால் சில மாதங்களில் முனகத் தொடங்கும். உங்கள் முதுகைக் காக்கப்போவது சரியான ஃபிரேமும், அளவாகக் காற்றடித்த டயரும்தான்.

என் பரிந்துரை இது: அலுமினிய ஃபிரேம், 80 முதல் 100 மி.மீ. வரை அமுங்கி எழும், தேவையில்லாதபோது பூட்டிவைக்கக்கூடிய முன் ஷாக்கர், பின்னால் ஷாக்கர் இல்லாத கட்டமைப்பு, 2.1 முதல் 2.3 அங்குல டயர். சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா என்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம், ஓட்டிப் பார்த்து எது இயல்பாகத் திரும்புகிறதோ அதை எடுங்கள். உங்கள் எடைக்குத் தார்ச்சாலையில் 35 முதல் 40 பிஎஸ்ஐ வரையும், மணல் தடத்தில் 25ஐ ஒட்டியும் காற்று வைத்துக்கொள்ளலாம்.

21 கியர் என்பது முன்னால் மூன்றும் பின்னால் ஏழும் பெருக்கிய கணக்கு. அவற்றில் பல ஒன்றையொன்று ஒத்தவை. எண்ணிக்கையைக் கேட்காமல், முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்னால் உள்ள மிகப் பெரியதற்கும் எத்தனை பல் என்று கேளுங்கள். முன்னால் 22, பின்னால் 34 என்றால், பெடல் ஒரு முழுச் சுற்று வரும்போது சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். பழைய ஹெர்குலிஸில் அது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. பாம்பன் பாலத்து ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் உங்கள் முழங்காலைக் காப்பாற்றப்போவது இந்தக் குறைந்த கியர்தான். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி பழகுவதற்கு எளிது. அப்படியானால் முன்னால் 32, பின்னால் 46 என்ற அளவில் தேடுங்கள். நிமிடத்துக்கு 70 சுற்றை ஒட்டி லேசாக மிதியுங்கள், அழுத்தி மிதிக்காதீர்கள்.

பிரேக்கில் ஹைட்ராலிக் டிஸ்க்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். கம்பி இழுக்கும் டிஸ்க்கில் உப்புக் காற்று கம்பி உறைக்குள் நுழைந்து துருவேற்றுகிறது. மூடிய குழாயில் எண்ணெய் தள்ளும் அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு விரலால் இழுத்தாலும் பிடிக்கும். பழுது வந்தால் உள்ளூரில் எண்ணெய் மாற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, சீராக அழுத்த வேண்டும். மணலில் மட்டும் முன் பிரேக்கை மெதுவாகத் தொட வேண்டும்.

இப்படிப்பட்ட வண்டிகள் 30,000 முதல் 40,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. 45,000ஐயும் வண்டிக்கே கொட்டிவிடாமல், தலைக்கவசம், முன்பின் விளக்குகள், பம்ப், இரண்டு உதிரி ட்யூப், பூட்டு ஆகியவற்றுக்கு 7,000 அல்லது 8,000 ஒதுக்கி வையுங்கள். இணையத்தில் வாங்கும் வண்டி பாதி கோத்த நிலையில் பெட்டியில் வரும். ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் முடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போய், ஏறி உட்கார்ந்து, கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

உப்பும் கருவேல முள்ளும்

இது மருத்துவம் அல்ல என்றாலும், இந்தக் கரையில் வீணாகிப் போன நல்ல வண்டிகளைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து உள்ளே ஒடிந்து நின்றுவிடும். ட்யூபை மட்டும் ஒட்டிவிட்டு டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காவிட்டால், அதே முள் அடுத்த கிலோமீட்டரில் புது ட்யூபையும் குத்தும். ட்யூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் சிறு துளைகளை அடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ள ட்யூபாகக் கேட்டு வாங்கினால், சாலையோரத்து எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய வால்வுக்கு அங்கே குழாய் பொருந்தாது.

கடலோரம் ஓட்டிவிட்டு வந்ததும் வண்டியைத் துடைக்க வேண்டும், ஆனால் போர்த் தண்ணீரில் கழுவக் கூடாது. நம் பகுதியில் பல இடங்களில் அதுவே உவர்நீர். காய்ந்தால் உப்புத்தான் மிஞ்சும். குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். செயின் நன்கு உலர்ந்த பிறகு அதற்கென உள்ள எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும். எண்ணெய் எதுவும் டிஸ்க் தகட்டில் படக்கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சீட் கம்பியை முழுதாக உருவி, கிரீஸ் தடவி மீண்டும் செருகுங்கள். விட்டுவிட்டால் அலுமினியமும் உப்பும் சேர்ந்து அது ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும். நாளை வேறு யாராவது பழைய வண்டி தருவதாகச் சொன்னாலும், அளவுக்கு அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கம்பி வெளியே வருகிறதா என்பதுதான்.

மனைவியின் கேள்வி

"ரோட்டில் விழுந்து கிடந்தால் யார் வந்து தூக்குவார்கள்?" என்று உங்கள் மனைவி கேட்டதாகவும், பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நீங்கள் விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இந்தக் கடிதத்திலேயே மிகச் சரியான கேள்வி அவருடையதுதான். 25 ஆண்டு இடைவெளியில் சமநிலையும் கைகால்களின் விரைவும் குறைந்திருக்கும். விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வருபவர்கள் உங்கள் வயதினர்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிராய்ப்புகூட எளிதில் ஆறாது. மதுரையிலிருந்து தனுஷ்கோடி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சுற்றுலா வேன்களின் வேகத்தை அவர் தினமும் பார்க்கிறார்.

அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் செயலில் இருக்கட்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதல் மூன்று மாதம் நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளில் ஓட்டுங்கள். தலைக்கவசம், பகலிலும் எரியும் பின்விளக்கு, சர்க்கரை நோயாளி என்று எழுதி மாத்திரைகளின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் குறித்த அட்டை, குளுக்கோஸ் பொட்டலம் ஆகியவை இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் இப்போது போட்டுக்கொள்ளுங்கள். 108ஐ அழைக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்; சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதையும், சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளும் அதில் அடங்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மதுரைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்; கவட்டை அளவை எடுக்கும்போது பென்சில் கோடு போட எப்படியும் இன்னொருவர் வேண்டும்.

அரிச்சல்முனை

அடுத்த மாதம் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஆனி மாதத்தில். அடுத்து வருவது அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக்காற்று. கச்சான் காற்று வலுத்திருக்கும் நாளில் முகுந்தராயர் சத்திரம் தாண்டி, இருபுறமும் கடலாக, மறைவுக்கு ஒரு மரமும் இல்லாத அந்தச் சாலையில் காற்று பக்கவாட்டில் அறையும். தாரின் மேல் மணல் மெல்லிய படலமாக வந்து படிந்திருக்கும் இடங்களில் முன்சக்கரம் சட்டென்று வழுக்கும். ராமேசுவரத்திலிருந்து முனை வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான் என்றாலும், போனதை அப்படியே திரும்பி வரவேண்டும். களைத்த பிறகு பாதியில் ஒதுங்க நிழல் கிடையாது. பாம்பன் சாலைப் பாலத்தில் இன்னொரு கவனம் தேவை: இணைப்புத் தகடுகளை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், ஈரமாக இருந்தால் அவற்றின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. புதிய ரயில் பாலத்தைப் பார்க்கக் கார்கள் திடீரென நிற்கும் இடமும் அதுதான்.

முதல் மாதம் வாரத்தில் நான்கு நாள், காலை 7 மணிக்குள் முடியும்படி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு வாரந்தோறும் சிறிது கூட்டி, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடத்தைத் தொட்டுவிடுங்கள். சைக்கிள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, எலும்பின் அடர்த்திக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது போன்ற பயிற்சிகளும் வேண்டும். இடைவிடாமல் 30 கிலோமீட்டர் ஓட்டி, மறுநாள் முழங்கால் வீங்காமல் இருந்தால், காற்று அடங்கியிருக்கும் மாசி, பங்குனியில் ராமேசுவரம் வரை வண்டியை வேனில் ஏற்றிச் சென்று, அங்கிருந்து நண்பர்களோடு முனைக்குப் போய்வாருங்கள். இந்த முறை அவர்கள் உங்களை விட்டுவிட்டுப் போகட்டும்.

கடைசிக் கேள்வியாக, இதற்கெல்லாம் பதில் மின்சாரச் சைக்கிளாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த உச்ச வேகமும் கொண்ட வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. மிதிக்கும்போது மட்டும் துணைசெய்யும் வகை எதிர்காற்றில் முழங்காலுக்குப் பெரிய உதவிதான். ஆனால் உங்கள் பணத்துக்குள் வாங்கினால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் போன மிச்சத்தில்தான் பிரேக்கும் ஃபிரேமும் அமையும், வண்டியும் கனக்கும், மின் இணைப்புகளில் உப்பு ஏறும். சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, குறைந்த கியரில் மூன்று மாதம் ஓட்டிய பிறகும் முழங்கால் முரண்டு பிடித்தால் எழுதுங்கள். அப்போது எக்ஸ்ரேயின் நகலையும், மாத்திரைகளின் பெயர்களையும், கண் மருத்துவரின் அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.